லோஜினியின் அறை

நுவரெலியா ஆஸ்பத்திரியில் படுக்கைப்புண்ணோடு ஐந்து வாரம் கிடந்துவிட்டு லோஜினி கந்தப்பளைக்குத் திரும்பினாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கையில் சறுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போய் ஆறு வருடம். அவள் நிலையைக் காட்டித்தான் தோட்டத் தொழிலாளியான தம்பி தனுஷனுக்கு வீடமைப்புத் திட்டத்தில் புதுவீடு கிடைத்தது. வாசலில் சாய்தளம், சக்கர நாற்காலி நுழைய அகலக் கதவு வைத்த அறை. குடிபோய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

ஜமால்தீனின் ஆட்டோ, அவர்கள் முன்பு குடியிருந்த பழைய லயத்து வரிசைவீடுகளின் பாதையில் திரும்பியது.

"நானா, எங்க போறீங்க? வீடு மேல இருக்கு."

"தம்பி இங்கதான் எறக்கச் சொன்னாரும்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேல போங்க நானா."

ஆட்டோ புதுவீட்டு வாசலில் நின்றது. சாய்தளத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் சிவப்புச் சாயம் பூசிய நான்கு படிகள்.

தம்பி மனைவி வினோதா வெளியே வந்தாள். "மதினி, லயத்துல நம்ம பழைய காம்பராவ ஒங்களுக்குக் கழுவி வச்சிருக்கோமே. இங்க ஒங்க அறையில கடை போட்டுட்டோம். அகலக் கதவு, கடைக்குத் தோதா இருந்திச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். லோஜினி ஜமால்தீன் பக்கம் திரும்பி, "வீடமைப்பு ஆபீசுக்கு விடுங்க நானா" என்றாள்.

சாய்தளத்தை இடித்துக் கடை போட்டதை அவள் சொல்லக் கேட்டு, அதிகாரி கோப்பைப் புரட்டினார். "வீடு தொழிலாளி பேர்ல, ஒங்க தம்பி பேர்லதாம்மா இருக்கு. ஒங்க பேரு, அவரோட குடியிருக்கிறவங்க பட்டியல்லதான் இருக்கு."

"அப்ப என் காலக் காட்டி ஏன் சார் குடுத்தீங்க?"

அவர் கோப்பை மூடினார். "சாய்தளத்தையா ஒடச்சாங்க? தெறப்பு விழாவுக்கு நானும் வந்தேனே..." பிறகு, "எழுதிக் குடுங்க, விசாரிக்கிறோம்" என்றார்.

"அதுவரைக்கும் நான் எங்க இருக்கிறது?"

அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். எழுதிக் கொடுத்துவிட்டுப் புதுவீட்டுக்கே திரும்பினாள். ஜமால்தீனும் பக்கத்து வீட்டு மூக்கனும் அவளை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். தன் அறையில், சவர்க்காரப் பெட்டிகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே போய் நாற்காலியை நிறுத்தினாள்.

வேலை முடிந்து வந்த தனுஷன் வாசலிலேயே நின்றுவிட்டான். "அக்கா, கடை வச்சா ஒனக்கும் நல்லதுன்னு..."

"எனக்கு நல்லதுன்னா என்கிட்ட ஏன்டா கேக்கல?"

அவன் மூட்டைகளை அறையிலிருந்து தூக்கி வெளியே வைக்கத் தொடங்கினான்.

மூன்றாவது வாரம் வீடமைப்பு ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. சாய்தளத்தைத் திரும்பக் கட்ட வேண்டும் என்றிருந்தது, தனுஷன் கட்டினான். வீட்டு உரித்துப் பத்திரத்தில் அவள் பெயரைச் சேர்க்க வழியில்லை என்றும் அதே கடிதத்தில் இருந்தது. அந்த வரியை லோஜினி மூன்று முறை வாசித்தாள்.