சுசீந்திரத்துச் சாமி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றில் இந்தத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தேன். பதினொரு வருஷமாகக் காயப் பதிவேடு என் கையில்தான். நான் திருநெல்வேலிக்காரி என்பதால் ஆரியசாலைப் பக்கமிருந்து வரும் தமிழ்ப் பெண்களை என் மேஜைக்கே அனுப்பிவிடுவார்கள். காரணம் என்ற கட்டத்தில் ‘வழுக்கி விழுந்தது’ என்று எழுதி எழுதி அலுத்துவிட்டது. இந்த ஊர்ப் படிகள் பெண்களை மட்டும் பார்த்துத்தான் வழுக்கிவிடும் போல.

இன்று வந்தவள் மாடம்மாள். உதடு கிழிந்திருந்தது, இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது.

“புருஷன் பேரு?”

தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாதாம்.

“சுசீந்திரத்துச் சாமி பேருதான்க்கா.”

தாணுமாலையன் என்று எழுதினேன். எரிச்சலாக வந்தது. இந்த நிலைமையிலும் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

“வேகம், சிஸ்டரே” என்று மலையாளத்தில் அவசரப்படுத்தினார் டாக்டர்.

“வழுக்கி விழுந்துட்டே, அப்படித்தானே?” எழுதிக்கொண்டே கேட்டேன்.

“விழல. அடிச்சது.”

பேனா நின்றது. “யாரு அடிச்சது?”

மாடம்மாள் எழுத்து அறியாதவள். ஆனாலும் சற்றுமுன் நான் புருஷன் பெயரை எழுதிய வரியின் மேல் சரியாக விரலை வைத்தாள்.

“அதே சாமிதான்க்கா.”