சலூனுக்குப் போகாத மனிதர்

ஆனந்தராஜாவின் தாடிக்கு அப்போது இரண்டு வயதும் நான்கு மாதமும். 1974-இல் சிட்னியில் வந்து இறங்கியபோது மனிதர் மழுமழுவென்று மழித்த முகத்தோடுதான் இறங்கினார். முதல் மூன்று நேர்முகத் தேர்வுகளும் கையை விரித்தன. உடனே நல்லூர் முருகனுக்கு ஒரு நேத்தி வைத்தார்: எஞ்சினியர் வேலை கிடைக்கும்வரை முகத்தில் கத்தி படாது. தாடி வளர்ந்தது, வேலை வரவில்லை. ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஒன்பது வருடம் குளமும் வாய்க்காலும் கட்டியவர், இங்கே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஊரில் தாடியோடு ஒருவரைக் கண்டால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஒன்றில் செத்தவீடு, இல்லாவிட்டால் காதல் தோல்வி, அதுவும் இல்லாவிட்டால் நேத்தி. சிட்னியிலும் அந்த நாளில் தாடிக்காரப் பெடியளுக்குக் குறைவில்லைதான். ஆனால் கோட்டும் டையும் போட்டு, டையின் முடிச்சு தெரியாத அளவுக்குத் தாடியும் விட்டு ஒரு கறுத்த மனிதர் வந்து முன்னால் உட்கார்ந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? மரியாதையாகவே கேட்பார்கள், இது உங்கள் மத வழக்கமா என்று. ஆனந்தராஜா பொய் சொல்லத் தெரியாத பிறவி. வேலில் தொடங்கி மயிலுக்கு வந்து, வேலை கிடைத்தால்தான் இதை எடுப்பேன் என்று முடிப்பார். அவ்வளவு நீளத் தாடி வளரும்வரை இந்த ஆளை ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்பது கேட்டவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிடும். கொங்கிறீட்டைப் பற்றிக் கேட்க நேரமும் இருக்காது.

இப்படிப் பதினொரு தரம் நடந்தது. மனைவி யோகா சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். "முருகனுக்குக் குடுத்த வாக்கு" என்று ஒரே பிடியில் நின்றார்.

தாடி வளர்ந்த பிறகு பன்னிரண்டாவது அழைப்பு ஒரு திங்கட்கிழமைக்கு வந்தது. வெஸ்ட்மீட்டில் பெரிய ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருந்த காலம். அதற்கு வடிகால் போடும் கம்பனி ஒன்றுதான் கூப்பிட்டிருந்தது. தண்ணீர் ஓடுகிற வேலை, அவருடைய சொந்த வேலை. இதுவும் போனால் ஊருக்கே திரும்பிவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை கூட்டாளி விக்னராஜா தன் ஹோல்டன் காரோடு வந்து நின்றான். "ஐசே, மூஞ்சையைத் தூக்கி வச்சுக்கொண்டு வீட்டுக்குள்ள இருக்காதையும். பிளாக்டவுன் டிரைவ்-இன்னில, காருக்குள்ள இருந்தே பாக்கலாம், ஒரு கௌபோய் படம். குடும்பப் படமாம், சாமிப் படமாம். வெளிக்கிடுங்கோ" என்றான். யோகா கட்லட் பொரித்துக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

சாமிப் படம் என்று விக்னராஜா சொன்னது பொய்யில்லை. கூண்டு வண்டியில் ஒரு குடும்பம் ஆளில்லாத வெளிக்கு வருகிறது. தகப்பன் நெஞ்சுவரை தாடி வைத்தவர், வேதப் புத்தகம் கையை விட்டுப் போகாது. சாப்பிட முதல் ஜெபம், உழ முதல் ஜெபம். குடும்பமாகச் சேர்ந்து மரம் தறித்து ஒரு ஜெபவீடு கட்டுகிறார்கள். பக்கத்துச் சிறு பட்டணத்தில் ஒரு சலூன். அந்த வாசலை என் குடும்பம் மிதிக்காது என்று தகப்பன் வானத்தைப் பார்த்துச் சத்தியம் பண்ணுகிறார்.

கார்க் கண்ணாடியில் கொழுவியிருந்த ஒலிபெருக்கி கரகரவென்றது. அமெரிக்கர் மூக்கால் பேசியதில் யோகாவுக்குப் பாதி பிடிபடவில்லை. முன்சீட்டுக்கு எட்டிக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்தாள் ஏன் சலூனுக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறார்?"

"அவர் கடவுளுக்கு வாக்குக் குடுத்திட்டார்" என்றார் ஆனந்தராஜா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யோகா திரையில் இருந்த தாடியைப் பார்த்தாள். முன்சீட்டில் இருந்த தாடியையும் பார்த்தாள். பிறகு கட்லட் பொட்டலத்தைப் பிரித்தாள்.

கடைசியில் பனிப்புயல் வந்து ஜெபவீட்டின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. குளிரில் பிள்ளைகள் நீலம் பாரித்தார்கள். அடுப்பும் கூரையும் மிஞ்சியிருந்த ஒரே இடம் சலூன். தகப்பன் வெளியே பனிக்குள் கனநேரம் நின்றார். பிறகு கடைசி மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அங்கேயே முழந்தாளிட்டுக் கும்பிட்டார். உள்ளே இருந்த முரடர்களெல்லாம் தொப்பியைக் கழற்றினார்கள். விக்னராஜா மூக்கை உறிஞ்சினான்.

ஞாயிறு காலை குசினியில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு யோகா கேட்டாள்.

"அந்த மனுசன் சலூனுக்குள்ள போனதுக்குக் கடவுள் கோவிச்சவரே?"

"இல்லை. பிறகு ஊரே சேர்ந்து கோயிலைத் திருப்பிக் கட்டினதெல்லே."

"அப்ப நீங்களும் தாடியை எடுங்கோ."

"அதுக்கும் என்ரை தாடிக்கும் என்ன?"

"சலூனுக்குப் போறது பின்னை என்னத்துக்கு, தாடி எடுக்கத்தானே? அவருக்கும் உங்களைப்போல நேத்தி. அவரே விட்டிட்டார்."

ஆனந்தராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது: படத்துச் சலூனை இவள் முடிவெட்டும் கடை என்று எடுத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. யாழ்ப்பாணத்துச் சலூனுக்கும் அதே அரைக்கதவுதான். அதே பெரிய கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் அதே போத்தல் வரிசை, வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்து வம்பளக்கும் அதே ஆட்கள். படத்தில் போன தாடிக்காரரெல்லாம் தாடியோடேயே திரும்பி வந்ததை மட்டும் யோகா கவனித்திருந்தாள். அந்த ஊரில் சவரம் பண்ணும் பரியாரிக்குத் தொழில் தெரியாது என்று அதற்கும் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "யோகா, அது வந்து..." என்று தொடங்கினார்.

"பொறுங்கோ, நான் சொல்லி முடிக்கிறன்" என்றாள் யோகா. "தாடி இருக்கும்வரைக்கும் வேலை கிடைக்காட்டி முருகன் பொறுப்பு. தாடி இல்லையெண்டால் நீங்கள்தான் பொறுப்பு. அதுக்குத்தான் உங்களுக்குப் பயம். முருகனை இதுக்குள்ள இழுக்காதேங்கோ."

சிரிப்பு போய்விட்டது. இரண்டு வருடமாக அவர் தனக்குத்தானே சொல்லாத ஒன்றை அவள் பச்சையாகச் சொல்லிவிட்டாள். கோபம்தான் முதலில் வந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு கதிரையைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, "கத்தரிக்கோலைக் கொண்டுவாரும்" என்றார். சலூன் என்றால் என்ன என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. களிமண் நிலத்தில் குழாய் எப்படி இறக்குவீர் என்று கேட்டார்கள். மேசையில் கிடந்த தாளைத் திருப்பி வைத்து வரைந்து காட்டத் தொடங்கியவர் முக்கால் மணித்தியாலம் நிறுத்தவில்லை. முடிவைக் கடிதத்தில் அறிவிப்போம் என்றார்கள். வென்ட்வேர்த்வில் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது, இத்தனை நாளில் இன்றைக்குத்தான் தன்னிடம் வேலையைப் பற்றிக் கேட்டார்கள் என்று நினைத்து அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

ஆனால் கடிதம் வரும்வரை மனச்சாட்சி அவரைப் பிடுங்கித் தின்றது. அவள் பிழையாக விளங்கிக்கொண்டதைத் தெரிந்துகொண்டே வாக்கை முறித்தாயிற்று. பெண்சாதியையும் ஏமாற்றி முருகனையும் ஏமாற்றினால் வேலை எப்படிக் கிடைக்கும்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது கடிதம் மேசையில் உடைக்காமல் கிடந்தது. யோகா பக்கத்தில் நின்றாள். அவர் அதைத் தொடவில்லை.

"யோகா, முதல்ல ஒண்டு சொல்லவேணும். அவங்கடை சலூன் தலைமயிர் வெட்டுற இடமில்லை. சாராயம் குடிக்கிற இடம். எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டும் நான் சொல்லேல்லை."

யோகா அவரை உற்றுப் பார்த்தாள். "அப்ப அந்த மனுசன் சாராயக் கடைக்குள்ளயே முழந்தாளில நிண்டு கும்பிட்டது?"

"ஓம்."

திட்டு விழப்போகிறது என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சாராயக் கடைக்குள்ள நிண்டு கும்பிட்டவரையே கடவுள் கோவிக்கேல்லை. முகம் வழிச்சதுக்கே முருகன் உங்களைக் கோவிக்கப்போறார்? கடிதத்தை உடையுங்கோ."

உடைத்தார். உதவி எஞ்சினியர், ஆறு மாதம் பரீட்சார்த்தம், அடுத்த மாதம் முதலாம் திகதி வரச் சொல்லியிருந்தார்கள். ஒருமுறை மனசுக்குள் வாசித்தார். யோகாவுக்காகச் சத்தமாக வாசிக்கத் தொடங்கியபோது முதல் வரியிலேயே குரல் உடைந்தது. தாடி இருந்திருந்தால் கண்ணீர் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும். இப்போது கன்னத்தில் இறங்கி நாடியில் சொட்டியதையெல்லாம் யோகா பார்த்துக்கொண்டு நின்றாள், அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.