ஷபீரோ வீட்டுக் கராஜ் கதவு

"வாசக் கதவைத் தொறக்காதே, ஷ்யாமளா. சொன்னாக் கேளு."

கஸ்தூரிரங்கன் ஜன்னல் திரையை இரண்டு விரல் அகலத்துக்கு விலக்கி, எதிர்வீட்டைப் பார்த்தபடியே சொன்னார். ஷ்யாமளா ஒரு கையில் வாளியும் மறு கையில் பிரஷ்ஷுமாக நின்றாள்.

1986, அக்டோபர், ஞாயிற்றுக்கிழமைக் காலை. பிரிட்ஜ்வாட்டரில் அவர்கள் குடிவந்து நாலு வருஷம். எதிர்வீட்டு மிஸஸ் ஷபீரோவின் கராஜ் கதவில் யாரோ கறுப்புப் பெயிண்டால் நாஜிகளின் ஸ்வஸ்திகாவை ஆள் உயரத்துக்கு வரைந்து, அடியில், 'யூதர்களே, வெளியேறுங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

"பாவம், தனியா இருக்காளே அந்த அம்மா."

"பாவந்தான், யார் இல்லேன்னா? போன் பண்ணி விசாரிப்போம். நமக்கு இன்னும் கிரீன் கார்டு வரலை. போலீஸ் வருவான், பேப்பர்காரன் வருவான். நம்ம பேர் எதுக்கு அதுல?"

கஸ்தூரிரங்கன் நல்லவர். உலகத்தில் எங்கே அநியாயம் நடந்தாலும் அவர் மனசு தாங்காது. அதனால் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

"எனக்குப் பிரசவ வலி எடுத்தன்னிக்கு நீங்க ஹூஸ்டன்ல கான்ஃபரன்ஸ்ல இருந்தேள். ஆஸ்பத்திரிக்கு என்னை டிரைவ் பண்ணிண்டு போனது யாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஷ்யாமளா படியிறங்கினாள்.

மிஸஸ் ஷபீரோ கோட்டு மாட்டிக்கொண்டு, புல்வெளியில் நாற்காலி போட்டுத் தன் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் வந்து, படம் எடுத்துக்கொண்டு, வருத்தம் தெரிவித்துவிட்டுப் போயிருந்தார்.

"இப்போது துடைக்காதே, ஷ்யாமளா. சர்ச் விட்டதும் தெருவே இந்த வழியாகத்தான் வரும். எல்லாரும் ஒரு தடவை பார்த்துவிடட்டும்." சற்றுக் கழித்து, "வெளியேறு என்பதில் ஓர் எழுத்துத் தப்பு. முப்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுத்தேன், பலனைப் பார்" என்று சிரித்தார். ஷ்யாமளா வாளியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

சர்ச் விட்டது. சில கார்கள் தயங்கின. சில, அவசர வேலை நினைவு வந்தாற்போல் விரைந்தன. முதலில் நின்றது ஒரு பழைய டாட்சன். அதிலிருந்து மாசிலாமணி இறங்கினார்.

விருத்தாசலம் பக்கத்துக்காரர்; கஸ்தூரிரங்கனின் ஆபீசிலேயே எஞ்சினியர்; இரண்டு தெரு தள்ளி வீடு. வந்த புதிதில் கஸ்தூரிரங்கன் அவரிடம் ஆவலாக ஊர் கேட்டார். அப்புறம் தெரு கேட்டார். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. மூன்று வருஷமாக அவர்கள் வீட்டுக் கொலுவுக்கும் சாப்பாட்டுக்கும் வராத தமிழர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

மாசிலாமணி கதவை ஒருமுறை படித்தார். டிக்கியைத் திறந்து ஒரு டின் பெயிண்ட் தின்னர் எடுத்தார்.

"சோப்புத் தண்ணிக்குப் போவாது, மேடம். இதுல துணிய நனைச்சுத் தேய்க்கணும்" என்றார் ஷ்யாமளாவிடம்.

"இந்த மாதிரி முன்பு பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் மிஸஸ் ஷபீரோ.

"எங்கள் ஊரில் எழுதமாட்டார்கள்" என்றார் மாசிலாமணி ஆங்கிலத்தில். "எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்."

மிஸஸ் ஷபீரோ அவரைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, "சரி, எல்லாரும் பார்த்தாயிற்று. தேய்ப்போம்" என்று கையுறை மாட்டிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கோடிவீட்டுப் பெண்மணி கேக்கோடு வந்தார். சர்ச் பாதிரியார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். இவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் பயத்துக்கு இடமில்லை என்று தெளிந்து, கஸ்தூரிரங்கனும் புது ஸ்வெட்டர் அணிந்து தெருவைக் கடந்தார். நிருபரின் கண்ணில் முதலில் பட்டது அந்த ஸ்வெட்டர்தான்.

"பிறப்பை வைத்து ஒரு மனிதரைத் தாழ்வாக நினைப்பதா?" என்று கஸ்தூரிரங்கன் கணீரென்ற ஆங்கிலத்தில் சொன்னார். "எங்கள் பண்பாட்டில் அதைப் புரிந்துகொள்ளவே முடியாது. மூவாயிரம் வருஷமாக எங்கள் வீட்டு வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது."

நிருபர் வேகமாக எழுதினார். யாரோ கைதட்டினார்கள். மாசிலாமணியின் துணி கதவின்மேல் ஒரு கணம் நின்றது. அப்புறம் மறுபடி தேய்க்கத் தொடங்கியது.

ஷ்யாமளா அதைப் பார்த்தாள். மூன்று வருஷமும் கொலு அழைப்புப் பட்டியலைத் தன் கையாலேயே எழுதியவள் அவள். முகம் சுட்டது. பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"மிஸ்டர் மாசிலாமணி, வர்ற சனிக்கெழமை எங்காத்துல சாப்பிட வரணும். மிஸஸ் ஷபீரோவையும் கூப்பிடப்போறேன்."

மாசிலாமணி திரும்பவில்லை. "சாருக்கு அது சரிப்படுமா, மேடம்?"

"இப்பத்தானே சொன்னார்? நாளைக்கு அச்சுல வேற வரப்போறது" என்றாள் ஷ்யாமளா, கணவர் காதில் நன்றாக விழும்படி.

தமிழ் தெரியாத நிருபர் பென்சிலை நிமிர்த்தி, "உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?" என்று கஸ்தூரிரங்கனைக் கேட்டார்.

கஸ்தூரிரங்கன் மனைவியைப் பார்த்தார். மாசிலாமணியின் முதுகைப் பார்த்தார்.

"சனிக்கிழமை இவர் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார்" என்று மாசிலாமணியைக் காட்டி மொழிபெயர்த்தார்.

நிருபர் அதையும் எழுதிக்கொண்டார்.