முற்றத்து ஈயம்

நாற்பது நாளாக பாக்கர் தன் வீட்டு முற்றத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். குடிக்கவே குடம் குடமாக விலைக்கு வாங்குகிற தேவிபட்டினத்தில், செடி கொடி இல்லாத வெறுந்தரைக்குத் தண்ணீர் ஊற்றினால் ஊர் சும்மா இருக்குமா? பொண்டாட்டி போன ஏக்கத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். ஏக்கம்தான், அதில் பொய்யில்லை.

வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளைப் பதினோரு வருஷம் அந்த முற்றத்தில்தான் உருக்கி வார்த்தான். நாலு வயசு மகள் அம்ரீனும் அங்கேதான் மண்ணில் விளையாடுவாள். விரல் சூப்புகிற பிள்ளை. வயிற்றுவலி விடாமல் பிடித்தபோது மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஈயம்! சூஃபியா புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஸ்கூல் திறக்குறதுக்குள்ள மண்ணு சுத்தமானா வாரோம். இல்லைன்னா பிள்ளையை அங்கனயே சேர்த்துருவேன்" என்று கீழக்கரையில் உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு இவன் கூடப் போவான்?

உலையை அன்றைக்கே உடைத்தான். உப்பேறிய மண் நாலு மழையில் சரியாவதைப் பார்த்து வளர்ந்தவன். தண்ணீர் விட்டால் ஈயமும் போய்விடும் என்று நம்பினான், பாவி மனுஷன்.

ராமநாதபுரம் மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்த சிநேகா, முற்றத்து மண்ணுக்கு முன்பு எடுத்த சீட்டையும் இப்போது எடுத்ததையும் சேர்த்து வைத்துக் காட்டினாள். "அப்படியேதான் இருக்குண்ணே. உப்பு தண்ணியோட போயிரும். ஈயம் களிமண்ணுல ஒட்டுனா மண்ணு விடாது."

முற்றம் மேடாகட்டும் என்று கண்மாய்க் களிமண்ணை வாங்கிப் போட்டவனும் அவன்தான்.

"மண்ணு விடாததுனாலதான் கிணறு தப்பிச்சுச்சு. ஆனா புழுதியில இருக்கே, பிள்ளை கையில ஒட்டும். மேல் மண்ணை ஒரு அடி வெட்டி எடுக்கணும். கண்ட இடத்துல கொட்டிராதீங்க. அதுக்குன்னு கிடங்கு இருக்கு, எழுதிப் போட்டா அவுக வந்து எடுக்க மாசக்கணக்காகும்."

மாசக்கணக்கா! பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் மண் லோடு அடிக்கிற காளிதாஸ் டிராக்டரோடு வந்தான். எங்கே கொட்டுவான் என்று பாக்கர் கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாது என்றே கேட்கவில்லை. முதல் லோடு ஏறியதும் சூஃபியாவுக்குப் போன் போட்டு, "மண்ணு போகுது" என்றான். அவள் அழுதுகொண்டே போனைப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

"வாப்பா, வரவா?" என்றது பிள்ளை.

ஒன்றரை மாசமாகத் தனியாகச் சோறு தின்றவன், "வாம்மா" என்றான்.

காளிதாஸ் வண்டியைக் கிளப்பினான். "நல்ல மண்ணுண்ணே. பால்வாடி முன்னாடி ஒரே பள்ளம், மழைக்குத் தண்ணி நிக்குது. மண்ணு வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. பிள்ளைக விளையாடிக்கிரும்."

பாக்கர் வண்டிக்கு முன்னால் போய் நின்றான்.

"இறக்கு."

"எங்கன?"

"எடுத்த இடத்துலயே."

"என்னண்ணே, விளையாடுறீகளா?"

"இறக்குலே!"

அவன் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. காளிதாஸ் முணுமுணுத்துக்கொண்டே மண்ணைக் கொட்டிவிட்டுப் போனான். புழுதி பறக்காமல் பாக்கர் அதன் மேல் தண்ணீர் தெளித்து, தார்ப்பாயை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தான். பிறகு போனை எடுத்தான்.

"மண்ணு போகல சூஃபியா. அதைக் கொண்டுபோய்ப் போட நமக்கு இடமில்லை. பிள்ளையை அங்கனயே சேர்த்துரு."



"பிள்ளை செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்குதுங்க" என்றாள்.

"கழட்டி விடு" என்றான் பாக்கர்.