நிழல் வராத பிள்ளை

2001 ஜூன் மாதம், பெருமுக்கல் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் திறந்த நாலாம் நாள், மூன்றாம் வகுப்பு வெனிலாவின் நிழல் அவளை விட்டு எழுந்து வெளியே போனது. பிள்ளை பெஞ்சில் இருந்தது; நிழல் பஸ் நிறுத்தத்தில் மல்லாட்டைக் கடலை விற்பவளை வேடிக்கை பார்த்தது. நிழல் இல்லாத நேரத்தில் நடத்திய பாடம் எதுவும் பிள்ளைக்கு ஏறவில்லை. ராஜாமணி டீச்சர் மூன்று வாரம் பொறுத்துவிட்டு, இப்படியே போனால் டி.சி. கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

பள்ளிக்கூடம் இல்லையென்றால் பிள்ளை அம்மா சகாயசெல்வியோடு கல்குவாரிக்குத்தான் போக வேண்டும். அங்கே வெடி வைக்குமுன் விசில் ஊதுவார்கள். காதில் வாங்காதவர்களை அப்புறம் கூடையில் அள்ளுவார்கள். செல்விக்குச் சோறு இறங்கவில்லை. "எல்லாம் உங்க வம்சத்துப் புத்தி," என்று புருஷன் சூசைமுத்துவைத் தினமும் ஏசினாள். குவாரியில் தவழும் பிள்ளைகளைப் பழம்புடவையால் கல்லில் கட்டிப் போடுவது வழக்கம். அதேபோல் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், நிழலைப் பிடித்து வீட்டு அம்மிக்கல்லில் கட்டினாள். பொழுது சாயச் சாய நிழல் நீண்டது, கட்டு இறுகியது, பிள்ளைக்கு மூச்சு முட்டியது. செல்வியே கட்டை அரிவாளால் அறுத்துவிட்டாள்.

பிள்ளையை விழுப்புரத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே டாக்டர் ஒருவர் அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரையும் வெயிலில் நிறுத்தி, தான் சொல்லும் எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சூசைமுத்து ஆறு எண் வரை சொன்னான். அவன் நிழல் ஆணியடித்தது போல நின்றது. செல்விக்கு மூன்றாவது எண்ணே தவறியது. அவள் நிழல் எதிர் டீக்கடையில் வடை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க வம்சத்த இழுத்துக்கினு இருந்தியே. உன்னுது எங்க நிக்குது பாரு," என்றான் சூசைமுத்து.

கவனம் ஓர் இடத்தில் நில்லாத இந்தக் கோளாறு ஒரே மரபணுவின் வேலை இல்லை, சிறுசு சிறுசாகப் பல சேர்ந்து செய்வது என்றார் டாக்டர். ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிற சொந்தக்காரர்களிடமும் அதில் பாதி இருக்குமாம். "இத்தன வருஷம் வெடிக்கு எப்பிடிம்மா தப்பிச்ச?" என்று செல்வியைக் கேட்டார்.

"கூட கல்லு ஒடைக்கிற சின்னபொண்ணு பக்கத்துலயே குந்திக்கினு இருப்பேங்க. விசில் ஊதுனா முந்தானையப் புடிச்சி இழுப்பா." சொன்ன பிறகுதான் அவளுக்கே அது விளங்கியது.

மறுநாள் டீச்சரிடம் கெஞ்சி, பிள்ளையைக் கூடப் படிக்கும் சங்கவி பக்கத்தில் மாற்றி உட்காரவைத்தாள். பாடம் தொடங்கும்போது சங்கவி வெனிலாவின் சடையைப் பிடித்து இழுப்பாள்; நிழல் ரோட்டைத் தாண்டி ஓடி வரும். டி.சி. எழுதப்படவில்லை. பத்தாம் வகுப்பு வரை அந்தச் சடை இழுபட்டது. 2009-இல் வெனிலா பாஸ் செய்தாள்.

2014-இல் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் பிறந்தது. நர்ஸ் குழந்தையை விளக்கடியில் தூக்கிப் பார்த்து, "நிழலக் காணமேம்மா," என்றாள்.

"பசிச்சா வரும். நீ புள்ளயக் குடு," என்றாள் செல்வி.