ஒன்பதாவது வளைவில் ஓடிக்கொண்டிருந்த கார்

அந்த இங்கிலாந்துக் காரோடு வந்த புத்தகத்தில் 'நின்றுவிடும்' என்ற சொல் கிடையாது. ஆகவே பூதமலை ரோட்டின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் அது நின்றபோது, கார் போய்க்கொண்டிருப்பதாகவும் ரோடுதான் பின்தங்கிவிட்டதாகவும் எங்கள் துறை முடிவு செய்தது. ரோட்டை இழுத்துக் கொடுக்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்தது.

என் பெயர் நாச்சம்மாள். அந்த ரோட்டில் பதினாறு வருடமாகச் சாலைப் பணியாளர். குழி அடைப்பது, வாய்க்காலில் தூர் வாருவது, சரிந்த பாறையை ஒதுக்குவது எங்கள் வேலை. ரோட்டை இழுப்பதும் உண்டு. ஆனால் வழக்கமாக மழைக்காலம் முடிந்த பிறகுதான் இழுப்போம்.

அன்று புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கார் கீழே கறுப்பு, மேலே சந்தன நிறம். அதன் முன்முகம் தூண் வைத்த மண்டபம் மாதிரி வெள்ளியாகப் பளபளத்தது. பின் சீட்டில் எஸ்டேட் முதலாளி மெய்யழகப்பன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய பங்களா பதினான்காவது வளைவில் இருக்கிறது. முன்னால் டிரைவர் தேவசகாயம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, எதிரே இருந்த பாறையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டிரைவரய்யா, நின்னு போச்சா?" என்று எங்கள் மேஸ்திரி அய்யாவு கேட்டார்.

"வாயைக் கழுவுய்யா. ஓடிக்கிட்டிருக்கு. நாப்பது மைல் வேகம்."

"சத்தமே காணோமே?"

"சத்தம் கேட்டாத்தான் கோளாறு. எஞ்சினை ரப்பர் மேல உக்கார வெச்சிருக்கான். தரை ரெண்டு அடுக்கு, கதவு ரெண்டு அடுக்கு. உள்ளே கடிகாரச் சத்தம் மட்டும்தான் கேக்கும். அதையும் குறைக்கணும்னு அங்கே பதினோரு வருஷமா ஆராய்ச்சி நடக்குது."

பொறியாளர் பரஞ்சோதி ஜீப்பில் வந்து இறங்கினார். எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்க முடியாது. அதற்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள், சாவி இங்கிலாந்தில் இருந்தது. எனவே அவர் புத்தகத்தில் சொன்னபடி சோதித்தார். ஒரு ரூபாய் நாணயத்தை மூடியின் மேல் செங்குத்தாக நிறுத்தினார். நாணயம் அசையாமல் நின்றது.

"அருமையா ஓடுது," என்றார். குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அஞ்சு வளைவு இழுக்கணும். பங்களா கேட்டு காருக்கு நேரா வரணும். ஆரம்பிங்க."

கோயிலிலிருந்து தேர்வடம் எடுத்து வந்தோம். தாரின் விளிம்பில் கடப்பாரையை நெம்பி, கொக்கி மாட்டி, வடத்தைக் கட்டினோம். நாங்கள் பதினேழு பேர். ஓரத்து வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுதான் இழுக்க வேண்டும். ரோட்டின் மேல் நின்றால் ரோட்டோடு நாமும் போய்விடுவோம். ரோடு இறங்கும்போது அதன் மேல் இருக்கிற மைல்கல், தடுப்புச்சுவர், டீக்கடை எல்லாம் கூடவே இறங்கும். அந்தக் கார் மட்டும் இறங்காது. அதன் சக்கரங்களின் பேரிங்குகள் அவ்வளவு வழுவழுப்பாகச் செய்யப்பட்டவை. ரோடு அதன் அடியில் நழுவிப் போகும், கார் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும்.

வடம் கட்டி முடித்த நேரத்தில் கீழிருந்து பஸ் வந்து காருக்குப் பின்னால் நின்றது. மூன்றாவது ஜன்னலில் என் தங்கை ரஞ்சிதம். அவளுக்கு நிறைமாதம். பதினெட்டாவது வளைவில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

"அக்கா, வலி வந்துடுச்சு."

நான் கண்டக்டரிடம் ஓடினேன். "அந்தக் காரை ஒதுக்கிட்டுப் போங்கண்ணே. இடம் இருக்கு."

அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "மலைப்பாதையில பஸ்ஸுக்கு இருபதுதான்ம்மா வேகம். அது நாப்பதுல போகுது. இருபதுல போற வண்டி நாப்பதுல போற வண்டியை எப்படிம்மா முந்தும்?"

பொறியாளரிடம் போனேன். "ஐயா, பஸ் மேலே போற வரைக்கும் பொறுங்க. என் தங்கச்சிக்குப் பிரசவ வலி."

"முன்னால போற வண்டி போகாம பின்னால வர்ற வண்டி எப்படிம்மா போகும்? முதலாளியை வீடு சேர்த்துட்டா பஸ்ஸுக்கு வழி தானா கிடைக்கும். வேகமா இழுங்க," என்று சொல்லி விசிலை ஊதினார்.

வாய்க்காலில் இறங்கி வடத்தைப் பிடித்தேன். இழுத்தோம். ரோடு இளகி இறங்கியது. அதோடு பஸ்ஸும் பின்பக்கமாக எட்டாவது வளைவு இருந்த இடத்தை நோக்கி இறங்கியது. என் தங்கையின் முகம் என்னைத் தாண்டிக் கீழே போவதைப் பார்த்தேன். நான்தான் அவளை ஆஸ்பத்திரி இருக்கிற திசைக்கு எதிராக இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வந்த கோபத்தில் வடத்தின் நார் கையில் அறுத்தது தெரியவில்லை.

பதினோராவது வளைவு காருக்கு நேரே வந்ததும் சாப்பாட்டுக்கு விசில் ஊதினார்கள். காருக்குள் முன் சீட்டின் முதுகிலிருந்து ஒரு மேசை விரிந்தது. வால்நட் மரம். இடது பக்கத்து ரேகையும் வலது பக்கத்து ரேகையும் கண்ணாடியில் பார்ப்பது போல ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக ஒரே மரத்தைப் பிளந்து செய்ததாம். முதலாளி அதில் தயிர்சாதம் வைத்துச் சாப்பிட்டார்.

நான் சாப்பிடவில்லை. கீழே ஓடினேன். ஏழாவது வளைவு இருந்த இடத்தில் பஸ் நின்றிருந்தது. ரஞ்சிதம் சீட்டில் சரிந்து கிடந்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரி பக்கத்துல வந்துடுச்சா?"

"வரும்டி. வர வைக்கிறேன்."

ரோட்டில் எங்கே உட்கார வைத்தாலும் அவளும் ரோட்டோடு இறங்கிவிடுவாள். வாய்க்காலில் பாறையும் குளிர்ந்த தண்ணீரும். மலையில் அசையாமல் இருந்த இடம் ஒன்றுதான். எங்கள் கூட்டத்துப் பெண்கள் இரண்டு பேரும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம். கார்க் கண்ணாடியைத் தட்டினேன். முதலாளி பக்கத்தைப் புரட்டினார். "ஐயா!" என்று கத்தினேன். அவர் தயிர்சாதத்தில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

"கேக்காதும்மா," என்றார் தேவசகாயம், தன் பக்கத்து ஜன்னல் வழியாக. "எனக்கும் அவருக்கும் நடுவுலயே ஒரு கண்ணாடி இருக்கு. அவருக்கு எதாச்சும் வேணும்னா பித்தானை அமுக்குவார், இங்கே சிவப்பு விளக்கு எரியும்."

"கதவைத் திறங்க."

"ஓடுற வண்டியில எப்படித் திறக்கிறது? உள்ளேருந்து திறக்கவே திறக்காது. யாரும் விழுந்துடக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கான்."

வெளியிலிருந்து திறந்தது. நாற்பது மைலில் போகிற காரின் கதவை வெளியே நின்று ஒருவர் திறப்பார் என்று இங்கிலாந்தில் யாரும் நினைக்கவில்லை, அதனால் வெளிக் கைப்பிடிக்குப் பூட்டு வைக்கவில்லை. கதவு பின்பக்கமாக அகலத் திறந்தது. நீளப் பாவாடை கட்டிய சீமாட்டிகள் குனியாமல் ஏறுவதற்காக அப்படி வடிவமைத்ததாக தேவசகாயம் சொல்லிக்கொண்டிருந்தார். ரஞ்சிதமும் குனியாமல் ஏறினாள். தோல் சீட்டு அவளை மெல்ல உள்வாங்கிக்கொண்டது.

"யாரும்மா நீ?" என்று முதலாளி கேட்டார். அவர் குரலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

நான் கதவைச் சாத்தினேன். மெத்தையில் தலையணை விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்து இழுத்தோம். பன்னிரண்டு வந்தது. பதின்மூன்று வந்தது. முதலாளியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. மூன்று மணிக்குப் பதினான்காவது வளைவு வந்தது. பங்களாவின் பச்சைக் கேட்டு, சல்யூட் அடித்தபடி காவலாளி, காபி டம்ளரோடு சமையல்காரர், எல்லாம் காருக்கு நேரே வந்து சேர்ந்தன. பொறியாளர் நீளமாக விசில் ஊதினார்.

யாரும் வடத்தை விடவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பதினேழு பேரும் அதே வேகத்தில் இழுத்தோம். கேட்டு, காவலாளி, காபி எல்லாம் காரைத் தாண்டிக் கீழே இறங்கிப் போயின.

பொறியாளர் வாய்க்கால் ஓரமாக ஓடி வந்தார். "நிறுத்துங்கம்மா! எஸ்டிமேட் பதினாலு வரைக்கும்தான்!"

"எங்க எஸ்டிமேட் பதினெட்டு," என்றேன்.

"யாரைக் கேட்டு இழுக்கறீங்க?"

"காலையில எங்களை யாரைக் கேட்டு இழுக்கச் சொன்னீங்க?"

"மேஸ்திரி, நீராவது சொல்லுமய்யா!"

அய்யாவு மேஸ்திரி பதினெட்டு வருடமாக அவரைப் போன்றவர்களிடம் "சரிங்கய்யா" என்று மட்டுமே சொல்லி வந்தவர். "தள்ளி நில்லுங்க. கால்ல வடம் சுத்திக்கும்," என்றார்.

காருக்குள் முதலாளி கண்ணாடியைக் கையால் குத்திக்கொண்டிருந்தார். கேட்டைத் தாண்டிப் போய்விட்டோம் என்றுதான் குத்துகிறார் என நினைத்தேன். அவர் குத்துவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் பலம் வந்தது. டிரைவர் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

"ஐயா கூப்பிடறாரே?" என்று மேஸ்திரி டிரைவரிடம் கேட்டார்.

"வளைவுல திரும்பிப் பாக்கக் கூடாது," என்றார் தேவசகாயம்.

பதினைந்து. பதினாறு. என் உள்ளங்கைத் தோல் வடத்தோடு போனது. பதினேழு. ஐந்து மணிக்குச் சற்று முன்னால் ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர் வளைவு திரும்பி வந்தது. அதன் படியில் நின்றிருந்த நர்ஸ் காருக்கு நேரே வந்ததும் கதவைத் திறந்தார்.

அழுகை ஒரேயடியாக வெளியே கொட்டியது. பெண் குழந்தை. முதலாளி வெறும் மேலோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டை குழந்தையைச் சுற்றியிருந்தது. சீட்டு முழுக்க ரத்தம். ரஞ்சிதம் கண்ணை மூடியிருந்தாள், ஆனால் மூச்சு வந்தது. நர்ஸும் ஆயாவும் அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள்.

முதலாளி இறங்கி என் முன்னால் வந்து நின்றார். அவர் கை முட்டிகள் வீங்கியிருந்தன.

"மூணு வளைவா கத்தறேன்," என்றார். குரல் கம்மியிருந்தது. "அந்தப் பொண்ணு கத்துது, நானும் கத்தறேன். யாராச்சும் ஒருத்தர் வாங்கன்னு கத்தறேன். கண்ணாடியைக் குத்தறேன். இத்தனை பேர் நிக்கறீங்க, ஒருத்தருக்குமா கேக்கல?"

"கேக்கலைங்க," என்றேன். "நல்ல காருங்க."

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். பங்களா இறங்கிப் போன திசையில் நடந்தார். யாரும் அவரோடு போகவில்லை.

ரஞ்சிதத்துக்கு ஏழு தையல் போட்டார்கள். இரவு கண் விழித்துக் கஞ்சி குடித்தாள். ஆயா சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். குழந்தைக்கு அதையே மறுபடியும் சுற்றினோம், நல்ல பருத்தி.

மறுநாள் காலை பொறியாளர் எனக்கு மெமோ கொடுத்தார். அனுமதித்த அளவுக்கு மேல் நான்கு வளைவு ரோட்டை இழுத்ததற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். அதன் கீழேயே எழுதிக் கொடுத்தேன்: 'ரோடு ஆஸ்பத்திரிக்கும் போகிறது. இதை உங்கள் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளவும்.' கையில் கட்டுப் போட்டிருந்ததால் எழுத்து கோணலாக வந்தது. அவர் வாங்கிப் படித்துவிட்டு, அதில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

பிறகு மேல்பக்கம் வேலை இருக்கிறதென்று மேஸ்திரி கூப்பிட்டார். மலையின் மறுபக்கம் இறங்குகிற ரோடு மேற்கே கடற்கரையில் போய் முடிகிறது. நாங்கள் இழுத்த இழுப்பில் அந்த முனையும் ஏறி வந்துவிட்டது. இருபத்திரண்டாவது வளைவு இருந்த இடத்தில் கடல் வந்து நின்றிருந்தது. அலை தடுப்புச்சுவர் வரை அடித்துக்கொண்டிருந்தது. நான்கைந்து படகுகளை மைல்கல்லில் கட்டிப் போட்டிருந்தார்கள். தலையில் கூடை வைத்திருந்த ஒரு மீன்காரம்மா என்னைப் பார்த்து, கீழே போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

"ஏழே முக்காலுக்கு," என்று சொல்லிவிட்டு, வாய்க்காலில் அடைத்திருந்த சிப்பிகளை அள்ள ஆரம்பித்தேன்.