ஊரில் இல்லாத பத்து நாள்

கிளம்ப வேண்டிய நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் வரை விசா வந்து சேரவில்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்ததற்காக, பெங்களூரில் இருக்கும் மகள் மதுவந்தி ஏற்பாடு செய்த சுவிட்சர்லாந்துப் பயணம் அது. கணக்கு டீச்சர் நீரஜா, அபிராமபுரம் ஃப்ளாட்டில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்திருந்தாள். பாலை நிறுத்தியாயிற்று. வீட்டு வேலைக்கு வரும் முத்தம்மாவுக்குப் பத்து நாள் லீவும் கொடுத்தாயிற்று.

"எல்லாருக்கும் பதில் சொல்லிண்டிருக்க என்னால முடியாது. நாம ஊர்லயே இல்லேன்னு ஆத்துக்குள்ளயே இருந்துடலாம்," என்றாள்.

கணவர் சந்திரமௌலி சிரித்தார். ஆனாலும் எழுந்துபோய் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்.

இரண்டு நாள் திருடர்கள் மாதிரிதான் இருந்தார்கள். குக்கர் விசில் காட்டிக்கொடுத்துவிடும் என்று நீரஜா சாதத்தைப் பாத்திரத்தில் வடித்தாள். டிவி ஊமையாக ஓடியது. அழைப்பு மணி அடித்தபோது இருவரும் கூடத்தில் சிலையாக நின்றார்கள். கூரியர்காரர் படியிறங்குவதற்குள் சந்திரமௌலிக்குச் சிரிப்பு பீறிட்டது. அவள் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள்.

மூன்றாம் நாள், இனி காற்று வாங்காமல் முடியாது என்று விடியுமுன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார்கள். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதே என்று பஸ் பிடித்து பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனார்கள். ஈர மணலில் நடந்தபோது, காலேஜில் தான் ஓட்டப்பந்தய வீரன் என்றார் அவர்.

"இத்தனை வருஷத்துல சொல்லவே இல்லையே?"

"கேக்க உனக்கு எங்க நேரம் இருந்தது?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. "சரி, இப்போ ஓடிக் காட்டுங்கோ," என்றாள்.

ஐம்பத்தாறு வயதில் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஓடினார். இருபது அடி தாண்டியதும் மூச்சிரைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள் நீரஜா.

அப்புறம் தினமும் போனார்கள். ஏழாம் நாள் பஸ் ஸ்டாப்பில் முத்தம்மா எதிரே வந்தாள்.

"இன்னாம்மா, ஃபாரின் போறேன்னு சொல்லிக்கினு இருந்தே, இங்க நிக்கிறே?"

நீரஜா நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"அத்த வுடு. மூஞ்சி நல்லா கீது. தலைவலின்னு நீ சொல்லாத நாள நான் பாத்ததே இல்ல."

உண்மைதான். ஒரு வாரமாக மாத்திரை ஞாபகமே வரவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் அவளே திரைகளை விலக்கினாள். "போகலை மாமி, இங்கேதான் இருந்தோம்," என்று எதிர் ஃப்ளாட்டில் சொன்னாள். அந்த மாமி "அப்படியா?" என்று கேட்டுவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள். இதற்கா இத்தனை ஒளிவு என்றிருந்தது.

ஒன்பதாம் நாள் விசா வந்தது. "டிக்கெட்டை டிசம்பர்ல போட்டுடட்டுமா அம்மா?" என்று மதுவந்தி போனில் கேட்டாள்.

"போடு. அவசரம் ஒண்ணுமில்லை."

பள்ளி திறந்த வாரம் நோட்டுத் திருத்துவதில் பீச் நடை இரண்டு நாள் விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் அலாரத்துக்கு முன்பே எழுந்து அவரை உலுக்கினாள்.

"தூறிண்டிருக்கேடி."

"தூறட்டும். குடையை எடுத்துண்டு வாங்கோ."

நாலு மாசமாகிறது. சில நாள் சண்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்காருகிறார்கள். போகாமல் மட்டும் இருப்பதில்லை.